பாடு என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போனபோது

1

மெல்பர்னில் நான் பார்க்கும் வேலைக்கு முதல் விதி, நான் அங்கே இல்லை என்பதுதான். வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் தகராறு, முதலாளிக்கும் வேலையாளுக்கும் தகராறு, பிரிந்துபோன கணவனும் மனைவியும் பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்று தகராறு. எதுவானாலும் நீதிபதி முன்னால் போய் நிற்பதற்கு முன் ஒரு மத்தியஸ்தரிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள் என்றுதான் இங்கே பெரும்பாலும் அனுப்புகிறார்கள். பேச வருகிறவர் தமிழராக இருந்து ஆங்கிலம் போதவில்லை என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். அவர் "நான் காலி பண்ண மாட்டேன்" என்றால் நானும் ஆங்கிலத்தில் "நான் காலி பண்ண மாட்டேன்" என்றுதான் சொல்லவேண்டும். "மாட்டாராம்" என்று சொன்னால் தவறு. விளக்கம் சொல்லக்கூடாது, யோசனை சொல்லக்கூடாது, அழுதால் தண்ணீர் எடுத்துக்கொடுக்கலாமா என்பதுகூடப் பயிற்சி வகுப்பில் விவாதத்துக்குரிய விஷயம்.

பெருந்தொற்றுக்குப் பிறகு அந்தத் தண்ணீருக்கும் வழியில்லை. எல்லாம் திரையில்தான். ஒரு தரப்பை ஒரு திரை அறையிலும் இன்னொரு தரப்பை இன்னொன்றிலும் வைத்துவிட்டு மத்தியஸ்தர் இரண்டுக்கும் நடுவே போய்வருகிறார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே சமாதானமாகிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். முன்னேற்றம் என்கிறார்கள். இருக்கலாம்.

போன வாரம் எங்களுக்கு வருடாந்திர நெறிமுறைப் பயிற்சி. திரையில் ஒரு கேள்வி வந்தது: இன்னொரு மொழிபெயர்ப்பாளர் தவறு செய்வதை நீங்கள் பார்த்தால் என்ன செய்வீர்கள்? கீழே நான்கு விடைகள். எது சரியான விடை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடங்களாக அதையே அழுத்திக்கொண்டிருக்கிறேன். இந்த முறை விரல் போகவில்லை. மடிக்கணினியை மூடிவிட்டு, அந்த எரிச்சலோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. எந்தக் குப்பம் என்று சொல்ல முடியாது. ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை முறிந்துபோன பேச்சுவார்த்தையைப் பற்றி எழுதலாமா என்று இரண்டு வக்கீல் நண்பர்களிடம் கேட்டேன். ஒருவர் எழுதலாம் என்றார், இன்னொருவர் கூடாது என்றார். நான் முதலாமவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆகவே ஊர்ப் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இல்லாமல் எழுதுகிறேன். குடும்பத்தாரைக் கேட்டுக்கொண்டு அவர்கள் பெயரை மட்டும் வைத்திருக்கிறேன்.

என் அண்ணன் ஏழுமலை ஒரு சனிக்கிழமை காலை கூப்பிட்டான். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"கலா, சேத்த வாரி நம்ம பாடு மேலயே கொட்டிகினு கீறானுங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவேண்டும். ஏரியில் எறா என்று நாங்கள் சொல்லும் இறாலும் மீனும் நன்றாகப் படும் இடங்கள் குறைவு. வலைகள் அதிகம். அதனால் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று ஊர்கள் கூடிப் பேசி, சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். அந்த முறைக்கும் பாடு என்றுதான் பெயர், அந்த இடத்துக்கும் பாடு என்றுதான் பெயர். அதில் ஒரு ஆளுக்கு இருக்கும் உரிமையும் பாடுதான். பெண் கொடுக்க வருகிறவர்கள் "பையனுக்குப் பாடு கீதா?" என்று, அதாவது பாடு இருக்கிறதா என்று, கேட்பதை நானே கேட்டிருக்கிறேன்.

படகுப் பாதையை ஆழப்படுத்த ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஒப்பந்தம் எடுத்திருந்தது. தோண்டிய சேற்றை எங்கே கொட்டுவது என்று யாரும் ஊரைக் கேட்கவில்லை. எங்கள் ஊரும் பக்கத்து ஊரும் மாறி மாறி வலை போடும் இடத்தில் கொட்டினார்கள். அங்கே தண்ணீர் இப்போது முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது.

"கோர்ட்டுக்குப் போனா என் பேரன் காலம் வரைக்கும் இழுக்கும்னு வக்கீலே சொல்றாரு. மத்தியஸ்தம்னு ஒண்ணு புதுசா சட்டமே வந்துக்குதாமே. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா தீர்ப்பு மாதிரியே செல்லுமாம். டிவியிலயே பேசிக்கலாமாம். நீ அந்த வேலைதானே பண்றே? நீயும் உள்ள இருந்து பாரு."

அவன் சொன்னது சரிதான். இந்தியாவில் இப்போது மத்தியஸ்தத்துக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. இரு தரப்பும் சம்மதித்தால் காணொளியிலும் நடத்தலாம். மத்தியஸ்தர் பம்பாய்க்காரர், நிறுவனத்தின் வக்கீலும் பம்பாய், நிறுவன அதிகாரி அவர்கள் நாட்டிலிருந்து பேசுவார். ஆகவே பேச்சு ஆங்கிலத்தில். ஊர்க்காரர்களுக்காக ஒரு மொழிபெயர்ப்பாளர்.

நான் பார்வையாளராக உள்ளே வர விண்ணப்பிக்கவேண்டியிருந்தது. நான் இந்தியக் குடிமகளா? இல்லை. தரப்பினரின் வழக்கறிஞரா? இல்லை. தொழில்நுட்ப ஆலோசகரா? இல்லை. தகராறில் எனக்கு என்ன தொடர்பு? "என் நைனா வலை போட்ட இடம் அது" என்று எழுதி அனுப்பினேன். பொருந்தாத விடை என்று திரும்பி வந்தது. கடைசியில் "தரப்பினரின் குடும்பத்தார், பேச உரிமையில்லை" என்று அவர்களே எழுதி என் கையெழுத்தைக் கேட்டார்கள். போட்டேன்.

3

பேச்சுவார்த்தை நடந்த அன்று ஒரு பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்துமிடத்தில், வண்டிக்குள் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தேன். வீட்டில் பார்த்திருக்கலாம். ஆனால் மகள் நிலாவுக்கு அன்று தேர்வுக்குப் படிக்கும் விடுமுறை. நான் தமிழில் சத்தமாகப் பேசினால் அவளுக்குக் கவனம் சிதறுமாம்.

பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபம்; மத்தியஸ்தரும் நிறுவனத்தாரும் அங்கே மாட்டியிருந்த பெரிய திரையில். முன்வரிசையில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் அண்ணனும். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், சென்னையிலிருந்து வந்த இளம்பெண். குரல் தெளிவாக இருந்தது, கவனமாகக் குறிப்பெடுத்தாள். வேலை தெரிந்தவள்தான் என்று பார்த்ததுமே நினைத்தேன்.

அண்ணன் எழுந்து நின்று பேசினான். "எங்க பாடு போச்சுங்க. ரெண்டு ஊருக்கும் பாடு போச்சு. எங்க பாடு எங்களுக்கு வரணும். அதுக்கு வழி பண்ணுங்க."

ஆங்கிலத்தில் அது இப்படிப் போனது: "நாங்கள் பெரும் துன்பத்தில் இருக்கிறோம். இரண்டு ஊர்களும் துன்பப்படுகின்றன. எங்கள் துன்பத்துக்கு ஒரு பரிகாரம் வேண்டும்."

அவளைக் குறை சொல்ல முடியாது. படாத பாடு, பெரும்பாடு என்றெல்லாம் நாமே சொல்கிறோம். எந்த அகராதியைப் புரட்டினாலும் அந்தப் பொருள் இருக்கும். எங்கள் ஏரிக்கரைப் பொருளை அவள் கேட்டிருக்க மாட்டாள்.

நிறுவன அதிகாரியின் முகம் இளகியது. உங்கள் துன்பத்தை மதிக்கிறோம் என்றார். வீட்டுக்கு ஒருவருக்குத் தையல் போன்ற வேறு தொழிலில் பயிற்சி, மாதம் ஒரு மருத்துவ முகாம், மீன் உலர்த்த சிமெண்ட் தளம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அது தமிழில் வந்தபோது எங்கள் பெரியவர்கள் தலையாட்டினார்கள். பாடு திரும்பி வரும், அதோடு இதெல்லாமும் தருகிறார்கள் என்று அவர்கள் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. அந்தப் பக்கத்திலோ, இதை வாங்கிக்கொண்டு விஷயத்தை முடிக்கச் சம்மதிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். மத்தியஸ்தர் நிம்மதியாகச் சிரித்தார். இரண்டு தரப்பும் வேறு வேறு விஷயத்துக்குச் சம்மதித்துக்கொண்டிருந்ததை அந்த மண்டபத்தில் ஒருவரும் அறியவில்லை. நான் ஒருத்தி மட்டும் வாய் பொத்தி உட்கார்ந்திருந்தேன்.

எழுத்தில் சொல்லலாம் என்று பார்த்தால் பார்வையாளருக்கு அந்த வசதி இல்லை. கையைத் தூக்கும் பொத்தானும் இல்லை. ஒலிவாங்கியை மட்டும் அடைக்க மறந்திருந்தார்கள். திறந்தேன்.

"மன்னிக்கவும். அந்தச் சொல்லுக்கு அங்கே துன்பம் என்று பொருள் இல்லை. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இடத்தில் வலை போடும் உரிமை அது. அவர்கள் கேட்பது அந்த உரிமையை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அம்மா, நீங்கள் பார்வையாளர்" என்றார் மத்தியஸ்தர், மிகுந்த மரியாதையோடு.

அந்த மரியாதைதான் என்னைக் கிளப்பிவிட்டது. தமிழுக்கு மாறினேன். "அண்ணே! நீ கேக்கறது அவங்களுக்குப் போய்ச் சேரல! பாடுன்னா கஷ்டம்னு நெனச்சிகினு கீறாங்க! கையெழுத்துப் போட்டுடாதே!"

கூட்டத்தை நடத்துபவர் உங்களை நீக்கிவிட்டார் என்று திரையில் எழுத்து வந்தது. தள்ளுவண்டியில் காய்கறியை ஏற்றிக்கொண்டு போன ஒரு பெண்மணி என் கார்க் கண்ணாடியைத் தட்டி, எல்லாம் நலம்தானே என்று கேட்டார். நலம் என்றேன்.

4

பிறகு நடந்தது அண்ணன் சொல்லித் தெரிந்தது. அவன் எழுந்து, பாடு என்றால் என்ன என்று அந்தப் பெண்ணுக்கு விளக்கியிருக்கிறான். அவள் நேர்மையானவள். தான் தவறாகப் புரிந்துகொண்டதாக மத்தியஸ்தரிடமே சொல்லி, அண்ணன் பேசியதை முதலிலிருந்து திரும்ப மொழிபெயர்த்திருக்கிறாள். மத்தியஸ்தரும் பேச்சை நிறுத்தி எல்லாரையும் கேட்கவைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நிறுவனத்தின் வக்கீல் பேசினாராம். "துன்பத்தைப் பற்றிப் பேசத்தான் நாங்கள் வந்தோம். உரிமை என்பது சட்டப் பிரச்சினை. அதைப் பேசுவதாக ஒப்புக்கொள்ளவில்லை." சிறிது நேரம் தனியே பேசிவிட்டு வந்து, விலகிக்கொள்வதாக அறிவித்துவிட்டார்கள். மத்தியஸ்தத்தில் அது யாருக்கும் உள்ள வசதி. விருப்பப்பட்டு வருவது, விருப்பமில்லாவிட்டால் போய்விடலாம். எங்கள் ஊரால் ஏரியை விட்டுவிட்டு அப்படி எழுந்து போக முடியாது என்பது எந்த விதியிலும் இல்லை.

தவறான சொல் இருந்தவரை எதிரே ஆள் இருந்தது. சரியான சொல் வந்ததும் நாற்காலி காலி. இருபது வருடம் போல இந்தத் தொழிலில் இருக்கிறேன், இப்படி ஒரு வெறுப்பு எனக்கு வந்ததில்லை.

ஊரில் பழி என்மேல் விழுந்தது. "ஆஸ்திரேலியாக்காரி வாய் வச்சா, வர்றதும் போச்சு" என்று ஒரு பெரியவர் தேநீர்க் கடையில் சொன்னாராம். அண்ணன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். அண்ணி கன்னியம்மா சிரிக்கவில்லை. அவள் சுண்ணாம்புக்குளத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றில் கையால் தடவி எறா பிடிப்பாள். ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லால் கவ்வியிருப்பாள். அவளோடு நாலைந்து பெண்கள் போவார்கள். பேசுவதற்கு வேண்டுமானால் போனை அண்ணனிடமிருந்து வாங்கிக்கொள்வாளே தவிர, தானாகக் கூப்பிட்டதில்லை. அன்றைக்குக் கூப்பிட்டாள்.

"நீ சண்ட போட்டே, சரி. ஆருக்குப் போட்டே?"

"நம்ம ஊருக்குத்தான் அண்ணி."

"பாடு ஆருக்கு? உங்கண்ணனுக்கு. எம்பேர்ல பாடு கீதா? எங்கூட வர்ற பொம்பளைங்க பேர்ல கீதா? கஷ்டம்னு சொன்னவரைக்கும் அதுல நாங்களும் இருந்தோம். பாடுன்னு நீ மாத்தினதும் நாங்க வெளிய வந்துட்டோம். அத்த யோசிச்சியா?"

எனக்குக் கோபம் வந்தது. "அப்போ தப்பாவே போயிருக்கணுமா? கையெழுத்துப் போட்டிருந்தா அந்த இடம் ஒரேயடியா போயிருக்கும் அண்ணி. தையல் கத்துக்குனு எத்தினி நாள் சாப்பிடுவே?"

"சேறு கொட்டினது நான் தடவற கரைலயுந்தான். அத்தப் பத்தி உங்கண்ணன் ஒரு வார்த்த பேசினானா? நீதான் பேசினியா?"

"நான் மொழிபெயர்ப்பைத் திருத்தினேன் அண்ணி. அவ்வளவுதான் என்னால..."

"இன்னாத்தயோ பண்ணு" என்று வைத்துவிட்டாள்.

5

என் சத்தம் கேட்டு நிலா அறையை விட்டு வந்தாள். அவள் பள்ளியில் மாணவர் மத்தியஸ்தர். சட்டையில் சின்ன அடையாளச் சின்னம்கூட உண்டு. விளையாட்டுத் திடலில் சண்டை போடும் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசச் சொல்லித் தரும் வேலை. வீட்டிலும் அதே பாணிதான். "நீங்கள் கத்தும்போது எனக்குப் பாதுகாப்பில்லாததுபோல் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். எங்கள் குப்பத்தில் கத்தாமல் பேசினால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள் என்று நான் பலமுறை சொல்லியாயிற்று.

அத்தையோடு சண்டையா, எதற்கு, இருவருக்கும் என்ன தேவை என்று வரிசையாகக் கேட்டாள். தமிழில் ஆரம்பித்தேன், அவளுக்குப் பாதியில் விட்டுப்போனது. ஆங்கிலத்துக்கு வந்தேன். பாடு என்று வந்ததும் தடுமாறினேன். உரிமை என்றால் பத்திரம் மாதிரி ஆகிவிடுகிறது, இடம் என்றால் நாள் விட்டுப்போகிறது.

"விளையாட்டில் உன் முறை, என் முறை என்போமே, அதுவா?" என்றாள்.

"ஏறக்குறைய அதுதான்."

"அப்படியென்றால் அத்தைக்கு எப்போது முறை வரும்?"

"அவர்களுக்கு அதில் முறை கிடையாது. ஆண்களுக்குத்தான்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இதற்காகவா இவ்வளவு சண்டை என்பது போல. அத்தையிடம் நீயே பேசேன் என்று போனை நீட்டினேன். தன் தமிழைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள் என்று சொல்லிவிட்டு, இயர்போனை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அண்ணிக்கு நான் செய்ய முடியாத நியாயத்தைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு, அண்ணியோடு பேச நாலு வார்த்தை இல்லை. யாரிடம் போய் முறையிடுவது?

6

மறுபடி பேச்சு தொடங்கியதற்குக் காரணம் சட்டமும் இல்லை, மத்தியஸ்தமும் இல்லை. இரண்டு ஊரும் சேர்ந்து படகுகளைக் குறுக்கே கட்டிப் பாதையை மறித்தன. தோண்டும் வேலை நின்றது. அதற்குப் பிறகு வலை போடும் முறையைப் பற்றியும் பேசத் தயார் என்று நிறுவனம் சொல்லியனுப்பியது. அதே மத்தியஸ்தர், அதே மண்டபம். அந்தப் பெண்ணே மொழிபெயர்க்கட்டும் என்று எங்கள் ஊரே கேட்டுக்கொண்டதாம். "தப்ப ஒத்துக்கினவ, அவளே இருக்கட்டும்" என்றான் அண்ணன்.

என்னைப் பார்வையாளராகக்கூடச் சேர்க்கவில்லை. ஊர் வக்கீல் சில தாள்களை மொழிபெயர்த்துத் தரும்படி என்னிடம் கேட்டார். செய்து கொடுத்தேன். தரப்பினரின் உறவினர் செய்த மொழிபெயர்ப்பு செல்லாது என்று திரும்பி வந்துவிட்டது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. நானே பயிற்சி வகுப்பில் அப்படித்தான் சொல்லித்தருகிறேன். புரிவதால் ஆத்திரம் குறைந்துவிடவில்லை.

அன்று அண்ணியும் அவளோடு எறா பிடிக்கும் பெண்களும் பொன்னேரிக்கு பஸ் ஏறிப் போய், மண்டபத்தில் முன்வரிசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணனுக்கே தெரியாது. ஊர்ப் பெரியவர் ஒருவர், "எழுந்திருங்கம்மா, நாங்க பேசிக்கறோம்" என்றார். அவர்கள் எழவில்லை. நிறுவனத்தின் வக்கீல், பட்டியலில் இல்லாதவர்கள் இருந்தால் பேசமுடியாது என்றார். மத்தியஸ்தர் ஒரு வழி சொன்னார்: வேண்டுமானால் பார்வையாளராக இருக்கட்டும்.

அது தமிழில் வந்ததும் அண்ணி கேட்டாளாம்: "பார்வையாளர்னா வாய மூடினு இருக்கணும். எங்க நாத்தனாரை அப்டித்தானே தொரத்தினீங்க? நான் பாக்க வரல. பேச வந்துக்கறேன்."

அண்ணன் இதைச் சொன்னபோது அவன் குரலில் பெருமையா சங்கடமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பெரியவர்களில் பாதிப் பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். அவன் போகவில்லை. கையெழுத்துப் போடும் இடத்தில் ஊர்ப் பெயருக்குக் கீழே இந்தப் பெண்களை இன்னொரு தரப்பாகச் சேர்க்கலாமா என்று மத்தியஸ்தர் கேட்டபோது, எங்கள் தரப்பில் யாரும் மறுக்கவில்லை. சம்மதம் என்றும் யாரும் சொல்லவில்லை. பட்டியலில் பெயர் ஏறினால் சரி என்று நிறுவனத்தின் வக்கீலும் விட்டுக்கொடுக்க, சேர்த்துவிட்டார்கள். அண்ணி பேசினாள்.

மாலையில் கூப்பிட்டேன். என்ன பேசினாய் என்று கேட்டேன். ரகசியம் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம்.

"என்னாண்டயா அண்ணி ரகசியம்?"

"எல்லாராண்டயும்தான். சேறு கொட்டின எடத்துல கால் வச்சா ஆளு உள்ள போய்டறான்னு சொன்னேன். வேற இன்னா சொல்வேன்?"

"அந்தப் பொண்ணு சரியா சொன்னாளா?"

"எனக்கு இன்னா இங்கிலீஷா தெரியும்? நான் முடிக்கற வரைக்கும் அவ இங்கிலீஷ்ல ஆரம்பிக்கல. நடுவுல ஒருவாட்டி, 'அம்மா, இந்த வார்த்தைக்கு உங்க ஊர்ல இன்னா அர்த்தம்'னு கேட்டா. சொன்னேன். அப்புறம் அவ சொல்லிகினே இருந்தா. ரொம்ப நேரம்."

"எந்த வார்த்தை அண்ணி?"

"ஐய, நீ ஒருத்தி. போன வை, பஸ்சு வந்துருச்சு."

நிறுவனம் யோசிக்க அவகாசம் கேட்டிருக்கிறது. எத்தனை நாள் என்று சொல்லவில்லை. ஏரியில் சேறு அப்படியே கிடக்கிறது. அண்ணி எதைச் சொன்னாள், அந்தப் பெண் எந்தச் சொல்லை நிறுத்திக் கேட்டாள், ஆங்கிலத்தில் அதற்கு என்ன போட்டாள் என்று நான் மனதுக்குள் விதவிதமாக மொழிபெயர்த்துப் பார்க்கிறேன். இரண்டு பாஷையும் தெரிந்த எனக்கு, எங்கள் வீட்டில் ஒருத்தி சபையில் முதல்முறையாகப் பேசியது அந்தப் பக்கம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. சட்டப்படி தெரியவும் கூடாது.